எலி மூளையில் அளந்த 1.2 எதைச் சொல்கிறது?

முதுநிலை மருந்தியல் படிக்கும் நீங்கள் கேட்டது இதுதான். சுண்டெலிகளுக்கு வாய்வழியாக ஒரு புற்றுநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தையும் மூளையையும் எடுத்து அளந்திருக்கிறீர்கள். பிளாஸ்மாவில் (செல்களை நீக்கிய இரத்த நீரில்) மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம், மூளையில் கிராமுக்கு 1200 நானோகிராம். விகிதம் 1.2. "மருந்து மூளைக்குள் நன்றாகப் போகிறது" என்று ஆய்வேட்டில் எழுதலாமா? பிளாஸ்மாவுக்காகச் சரிபார்த்த முறையையே மூளைக்கும் வைத்துக்கொள்ளலாமா? நாளை நோயாளிகளிடம் இதைப் பார்க்க வேண்டுமானால் முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீர் போதுமா?

இப்போதைக்கு அந்த வரியை எழுதாதீர்கள். உங்கள் உழைப்பில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. 1200 என்ற எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், மருந்து நுழைகிறதா வெளியே தள்ளப்படுகிறதா என்பது இன்னும் தெரியவில்லை என்பது புரியும். பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூளை அளவீட்டில் பிழைகளில் பெரும்பாலானவை இயந்திரத்துக்குள் நடப்பதில்லை. எலியின் மார்பைத் திறக்கும் நேரத்துக்கும் மாதிரியை ஊசியில் ஏற்றும் நேரத்துக்கும் இடையில் நடக்கின்றன. மீதி, எண் வந்த பிறகு அதைப் படிக்கும்போது நடக்கின்றன.

கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் முக்கியம்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது மூலக்கூறுகளை நிறையால் பிரித்து எண்ணும் இயந்திரம், உங்களுக்குத் தருவது மொத்த அளவு. பிளாஸ்மாவில் உள்ள மருந்தின் பெரும்பகுதி ஆல்புமின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொண்டிருக்கும். மூளையில் உள்ளது கொழுப்பிலும் செல் சவ்வுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூளை கொழுப்பு நிறைந்த உறுப்பு, எண்ணெய்ப் பாங்கான மருந்துகளுக்கு அது ஒரு பஞ்சு. ஆனால் புற்றுச் செல்லின் இலக்கில் போய் அமர்வது எதிலும் ஒட்டாமல் தனியாகத் திரியும் மருந்து, அதாவது கட்டுறா மருந்து, மட்டுமே. ஆகவே ஒப்பிட வேண்டியது கட்டுறா மருந்தைக் கட்டுறா மருந்தோடு.

உங்கள் எண்களை வைத்தே கணக்கிடலாம். உங்கள் மருந்து பிளாஸ்மாவில் 95 சதவீதம் புரதத்தோடு பிணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000-இல் தனித்திருப்பது 50. மூளையில் 99 சதவீதம் ஒட்டியிருக்கிறது என்றால் 1200-இல் தனித்திருப்பது 12. 12-ஐ 50-ஆல் வகுத்தால் 0.24. 1.2 என்ற விகிதம் இப்போது கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இரத்தத்தில் தனியாகத் திரியும் மருந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மூளைப் பக்கத்தில் காணவில்லை. அதாவது, யாரோ அதை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மொத்த விகிதம் வெறும் 0.1 என்று கைவிடப்பட்ட மருந்தில், பிளாஸ்மாவில் அதே 5 சதவீதமும் மூளையில் பாதியும் தனித்திருந்தால் கட்டுறா விகிதம் 1 ஆகிவிடும். நல்ல மருந்துகள் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கக்கூடும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தக் கட்டுறா விகிதத்தை இத்துறையின் மையத்துக்குக் கொண்டுவந்ததில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட்டா ஹம்மார்லுண்ட்-உடெனாஸ் என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கட்டுறா பங்கை எப்படி அறிவது? ஒரு சவ்வின் ஒரு பக்கம் மருந்து கலந்த பிளாஸ்மா, மறுபக்கம் வெறும் பஃபர் (பிஎச் மாறாத கரைசல்). 37 டிகிரியில் சில மணி நேரம் ஆட்டி வைத்தால் தனி மருந்து மட்டும் சவ்வைக் கடந்து இருபுறமும் சமமாகும். புரதம் கடக்காது. மூளைக்கும் இதே முறைதான், ஆனால் அங்கே மூளையை அரைத்து நீர்த்த கூழை வைக்கிறோம். இங்கேதான் மாணவர்கள் தவறுகிறார்கள். நீர்த்த கூழில் ஒட்டுவதற்கான கொழுப்பும் குறைந்திருக்கும் அல்லவா? ஐந்து மடங்கு நீர்த்த கூழில் தனிப்பங்கு 0.05 என்று வந்தால், நீர்க்காத மூளையில் அது ஏறத்தாழ 0.01. அளந்த பங்கின் தலைகீழிலிருந்து ஒன்றைக் கழியுங்கள், 19 வரும். அதோடு ஐந்தில் ஒன்றைக் கூட்டினால் 19.2. 0.2-ஐ 19.2-ஆல் வகுங்கள். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் உங்கள் 0.24 ஒரே பாய்ச்சலில் 1.2 ஆகிவிடும், மருந்து தடையே இல்லாமல் போகிறது என்று நம்பிவிடுவீர்கள்.

இறைப்பது யார் என்று கேட்பீர்கள். மூளையின் நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளி இல்லாமல் தைத்ததுபோல் இணைந்திருக்கின்றன. இரத்த-மூளைத் தடை என்பது அதுதான், ஒரு வேலி. வேலியில் காவலும் உண்டு: பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப். செல்லுக்குள் நுழைந்த மருந்தைத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளிவிடுவது இதன் தொழில். இதன் வலிமையை உலகம் தெரிந்துகொண்டது ஒரு விபத்தால். ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் ஷிங்கெலின் குழு இந்தப் பம்புக்கான மரபணு ஒன்றை நீக்கிய சுண்டெலிகளை வளர்த்தது. எலிகளுக்கு உண்ணிப்பூச்சித் தொல்லை. வழக்கம்போல் ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகள் நலமாக இருந்தன, மரபணு இல்லாதவை மடிந்தன. மூளையை அளந்தபோது ஐவர்மெக்டின் அளவு சாதாரண எலிகளைவிடக் கிட்டத்தட்ட 90 மடங்கு இருந்தது. 1994-இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளம். இமாடினிப் உட்படப் பல புற்றுநோய் மருந்துகள் இந்தப் பம்பின் கையிலும் இதன் கூட்டாளியான பிசிஆர்பி என்ற பம்பின் கையிலும் சிக்குகின்றன. உங்கள் மருந்தும் சிக்குகிறதா என்று அறிய, இரண்டு பம்புகளும் இல்லாத எலிகளில் அதே அளவீட்டைச் செய்து பார்ப்பதைவிடத் தெளிவான வழி இல்லை.

இனி மாதிரிக்கு வருவோம். நீங்கள் வெட்டி எடுத்த மூளையில் இரத்தமும் இருக்கிறது. நுண்குழாய்களில் தங்கிய இரத்தம் மூளையின் எடையில் சுமார் 2 சதவீதம் என்று கொள்ளலாம். உங்கள் 1200-இல் இது சுமார் 20 நானோகிராம்தான், பெரிய பிழை இல்லை. ஆனால் தடையைக் கடக்காத மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் 5000, மூளையில் 120 என்று வருகிறது. அந்த 120-இல் 100 குழாய்க்குள் இருந்த இரத்தத்தின் மருந்து. மூளைத் திசுவினுடையது 20 மட்டுமே. நாங்கள் ஒருமுறை 0.03 என்ற விகிதத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சமாவது போகிறதே என்று ஒரு வாரம் மகிழ்ந்திருந்தோம். இரத்தத்தைக் கழித்த பிறகு மிஞ்சியது அளவிட முடியாத துளி.

இதைத் தவிர்க்க, மயக்கத்தில் இருக்கும் எலியின் இடது இதயக் கீழறையில் ஊசி செருகி, குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி, வலது மேலறையைக் கீறி வெளியே விடுவார்கள். கருஞ்சிவப்பாக இருந்த கல்லீரல் கண்ணெதிரே வெளிறி மணல் நிறமாகும். வெளிவரும் நீர் தெளிந்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கழுவுவோம் என்று நீட்டினால், எளிதில் கடக்கும் மருந்துகள் மூளையிலிருந்தும் கழுவிப் போய்விடும். கழுவாமல் கணக்கில் கழிப்பதும் ஏற்கப்பட்ட முறையே. எதைச் செய்தீர்கள் என்று ஆய்வேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சுண்டெலியின் மூளை 0.4 கிராம் சொச்சம். எடுத்ததும் ஈரம் ஒற்றி, எடை போட்டு, உடனே உறைய வையுங்கள். எடை போடாமல் உறைய வைத்துவிட்டு மறுநாள் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாயின் சுவரில் ஒட்டிய பனியையும் சேர்த்து எடை போடுகிறார்கள். அரைக்கும்போது ஒரு பங்கு மூளைக்கு நான்கு பங்கு பஃபர் என்றால், கடைசி எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும். உங்கள் 1200 பெருக்கிய பிறகு வந்ததுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தவறாக நினைக்காதீர்கள், ஐந்து மடங்குப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

பிளாஸ்மா முறையையே மூளைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: எலும்புக்கூடு அதேதான், ஆனால் தனியாகச் சரிபார்க்காமல் கூடாது. நீங்கள் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை, எனவே எனக்கு மிகவும் பழக்கமான இமாடினிபை வைத்துச் சொல்கிறேன். (சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் இதன் படிக வடிவத்துக்குக் காப்புரிமை மறுத்து, அந்த வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதனால்தான் மலிவான மாத்திரை நம் நாட்டு நோயாளிகளின் கைக்கு எட்டுகிறது.) 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் 150 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் ஊற்றினால் புரதம் தயிர்போல் திரளும். சுழற்றி அடியில் படிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்துப் பிரிப்புக் குழாயில் ஏற்றுகிறோம். வெளியே வரும் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, முதல் வடிகட்டியில் நிறை 494 உள்ளதை மட்டும் விட்டு, நடுவில் உடைத்து, மூன்றாவதில் 394 நிறையுள்ள துண்டை எண்ணுகிறோம். இரண்டு பூட்டுக்கும் பொருந்தும் சாவி அரிது என்பதால்தான் இந்த முறையை இவ்வளவு நம்புகிறோம்.

ஆனால் அரிது என்பதால் பிழையே வராது என்றில்லை. மூளைக் கூழிலிருந்து மருந்தோடு சேர்ந்து செல் சவ்வின் கொழுப்புகளான பாஸ்போலிப்பிடுகளும் வருகின்றன. அவை மருந்து வெளிவரும் அதே நொடியில் வெளிவந்தால் மின்னூட்டத்தைப் பங்கு கேட்கும், மருந்தின் குரல் அமுங்கிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. உச்சம் அழகாகவே இருக்கும், உயரம் மட்டும் பொய். இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: 184 என்ற நிறையையும் கூடவே கண்காணியுங்கள். அந்தக் கொழுப்புகளில் ஒன்றான பாஸ்பாடிடைல்கோலின் உடையும்போது வரும் துண்டு அது. 184 எந்த நிமிடத்தில் பெருகுகிறது என்று தெரிந்தால், மருந்து அந்த நிமிடத்தில் வராதபடி ஓட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கும் மேலான காப்பு, இன்டர்னல் ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிடுவதற்காக எல்லா மாதிரியிலும் சேர்க்கும் பொருள். இமாடினிபின் எட்டு ஹைட்ரஜன்களுக்குப் பதில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) வைத்த இரட்டைச் சகோதரனை, எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவில், எல்லாவற்றுக்கும் முன்னால் ஊற்ற வேண்டும். அதன் நிறை 502. உடையும்போது டியூட்டீரியம் இருக்கும் பகுதி கழன்றுவிடுவதால் அதுவும் 394-ஐயே தருகிறது, ஆனால் நுழைவாயிலில் நிறை வேறு என்பதால் குழப்பம் இல்லை. கொழுப்பு ஒருவனை அமுக்கினால் மற்றவனையும் அதே அளவு அமுக்கும், இருவரின் விகிதம் மாறாது. வேறு ஏதோ ஒரு மருந்தை இன்டர்னல் ஸ்டாண்டர்டாக வைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். பிளாஸ்மாவில் அது ஓரளவு ஒப்பேறும். மூளைக் கூழில் அதைச் செய்யாதீர்கள்.

சரிபார்ப்புக்கான எல்லைகளை, மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஎச் அமைப்பு 2022-இல் எம்10 என்ற வழிகாட்டுதலாக வகுத்துவிட்டது. குறைந்தது ஆறு தெரிந்த அளவுகளில் போட்ட அளவுத்திருத்தக் கோடு, தெரிந்த அளவிலிருந்து விலகல் 15 சதவீதத்துக்குள், மிகக் கீழ் அளவில் மட்டும் 20 சதவீதம். மாணவர் ஆய்வுக்கும் இதையே பின்பற்றுங்கள். மருந்தில்லாத எலி மூளை கோட்டுக்கும் போதவில்லை என்றால், பிளாஸ்மாவில் கோடு போட்டு, தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளை (தெரிந்த அளவு மருந்து கலந்த சோதனை மாதிரிகளை) மட்டுமாவது மூளைக் கூழில் செய்து, அவை அந்தக் கோட்டில் சரியாக விழுகின்றன என்று காட்டுங்கள்.

எண்களால் எளிதில் பிடிபடாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு மாதிரியில் மருந்தை நீங்கள் அரைத்த கூழின் மேல் ஊற்றுகிறீர்கள். எலியின் மூளையிலோ, உயிரோடு இருந்தபோதே மருந்து செல்லுக்குள் போய்ப் படிந்திருக்கிறது. முன்னது நூற்றுக்கு நூறு மீண்டு வந்தால் பின்னதும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே மருந்து கொடுத்த எலியின் கூழையே எடுத்து, ஒருமுறை பிரித்தெடுத்த பிறகு அடியில் கிடக்கும் சக்கையை மீண்டும் அசிட்டோநைட்ரைலில் அலசி அளந்து பாருங்கள். இரண்டாவது அலசலில் கணிசமாக வந்தால் முதல் அலசல் போதவில்லை.

இரத்தத்தின் பக்கமும் கண் வேண்டும். சில மருந்துகள் குழாய்க்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும். மூளைப் புற்றுக்குத் தரும் டெமோசோலோமைடு உடலின் இயல்பான காரத்தன்மையில் தானாகவே சிதையும். அதன் அரைவாழ்வு சுமார் 1.8 மணி நேரம். அமிலத்தில் நிலையாக இருக்கும் என்பதால், பிளாஸ்மாவைப் பிரித்ததும் அமிலம் சேர்த்து பிஎச் 4-க்குக் கீழே கொண்டுபோகிறார்கள். மேசையில் ஒரு மணி நேரம் மறந்து வைத்தால், நீங்கள் அளப்பது நோயாளியின் உடலை அல்ல, அந்த ஒரு மணி நேரத்தை. ஜெம்சிடபினை இரத்தத்தில் உள்ள ஒரு நொதி சிதைத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் டெட்ராஹைட்ரோயூரிடினை இரத்தம் எடுக்கும் முன்பே குழாயில் போட்டு வைக்க வேண்டும். உங்கள் மருந்து அறை வெப்பத்தில் எலி இரத்தத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற ஒரு சோதனையை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் இப்போதாவது செய்யுங்கள்.

மருத்துவமனையில் இந்த அளவீட்டுக்கு உயிரின் விலை உண்டு. மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்து 1948-இல் முடிவை வெளியிட்ட அமினோப்டெரினின் நெருங்கிய உறவு அது. அந்த மருந்துகளை உருவாக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மூளைக்குள் போதுமான அளவு போக வேண்டும் என்பதற்காக மூளை லிம்போமா என்ற புற்றில் இதை மிக உயர்ந்த அளவில் கொடுக்கிறார்கள். பிறகு இரத்த அளவு பல நெறிமுறைகளில் 0.1 மைக்ரோமோலாருக்குக் கீழே இறங்கும்வரை தினமும் அளந்து, அதன் நச்சை முறிக்கும் லியூகோவோரினைத் தொடர்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்து மருந்து வெளியேறாவிட்டால் குளுகார்பிடேஸ் என்ற நொதியைக் கொடுத்து மெத்தோட்ரெக்சேட்டை உடைக்கிறார்கள். உடைந்த துண்டு மெத்தோட்ரெக்சேட்டைப் போலவே தோற்றமளிப்பதால், மருத்துவமனைகளில் வழக்கமாக இருக்கும் எதிர்ப்புரதப் பரிசோதனை ஏமாந்து, அளவு இன்னும் உயரமாகவே இருப்பதாகக் காட்டும். ஆகவே அந்த நொதி கொடுத்த முதல் 48 மணி நேரத்தில் குரோமட்டோகிராஃபி வழி, அதாவது மேலே சொன்ன பிரிப்புக் குழாய் வழி, அளவீட்டை மட்டுமே நம்ப வேண்டும்.

ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த மெத்தோட்ரெக்சேட் மாதிரி, எங்கள் கோட்டின் மேல் எல்லையைப் பலமடங்கு தாண்டியது. நீர்த்து மறுபடி ஓட்டினோம், அதேதான். சிறுநீரகப் பரிசோதனையோ இயல்பாக இருந்தது. வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டபோது, செவிலியர் சற்றுத் தயங்கி, மருந்து ஏறிய அதே குழாய் வழியாகத்தான் இரத்தம் எடுத்ததாகச் சொன்னார். மறு கையிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். அளவு சாதாரணமாக இருந்தது. அந்தக் குழந்தையின் தாய் நள்ளிரவு வரை விழித்திருந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எந்த மாதிரிப் படிவத்திலும் "எந்தக் கையிலிருந்து, எந்த நிமிடத்தில்" என்ற இரண்டு கட்டங்கள் நிரம்பாமல் நான் வாங்குவதில்லை.

முதுகுத்தண்டு நீர் போதுமா என்ற மூன்றாவது கேள்வி. இமாடினிப் எடுக்கும் நோயாளிகளில் அந்த நீரில் உள்ள அளவு பிளாஸ்மாவில் உள்ளதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. கேட்டதும் படுமோசம் என்று தோன்றும். ஆனால் அந்த நீரில் புரதம் மிகக் குறைவு, அங்கே இருப்பது பெரும்பாலும் தனி மருந்து. பிளாஸ்மாவில் இமாடினிப் 95 சதவீதம் பிணைந்திருப்பதால் ஒப்பிட வேண்டியது மீதி 5 சதவீதத்தோடு. பிளாஸ்மாவில் 2000 என்றால் தனி மருந்து 100, முதுகுத்தண்டு நீரில் 20. ஆக ஐந்தில் ஒன்று. குறைவுதான், ஆனால் நூறில் ஒன்று இல்லை. புரதம் இல்லாத நீரில் மருந்து பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள். மாதிரியை ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காணாமல் போகும். குழாயில் முன்கூட்டியே சிறிது ஆல்புமின் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்.

இருந்தாலும் அந்த நீர் மூளைத் திசு ஆகாது, கட்டி ஆகவே ஆகாது. கட்டியின் நடுவில் குழாய்கள் ஒழுகும், மருந்து தாராளமாகப் போகும். ஓரத்தில், நல்ல மூளைக்குள் வேர்விட்ட செல்களின் இடத்தில், தடை பெரும்பாலும் முழுதாக இருக்கும். அறுவை முடிந்தபின் மீண்டும் முளைப்பது அந்த ஓரம். ஆகவே மனிதரில் அளப்பதென்றால், அறுவைக்கு முன் மருந்து கொடுத்து, எடுக்கும் திசுவில் நடுப்பகுதியையும் ஓரத்தையும் தனித்தனியாக உறைய வைத்து அளக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரிலுள்ள பாரோ நரம்பியல் நிறுவனத்தில் நாடர் சனாயின் குழு அடாவோசெர்டிப் என்ற மருந்தைக் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று நோயாளிகள் 20 பேரில் இப்படி அளந்து 2018-இல் வெளியிட்டது. அதற்கு முன் எலிகளில் செய்த ஆய்வு இந்த மருந்து மூளைக்குள் சரியாகப் போகாது என்று சொல்லியிருந்தது. மனிதரின் கட்டியிலோ, ஸ்கேனில் சாயம் ஏறும் நடுப்பகுதியிலும் ஏறாத ஓரத்திலும் போதிய அளவு கிடைத்தது. எலியின் விகிதத்தை மனிதருக்கு அப்படியே தூக்கிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் ஆய்வேட்டுக்கு இப்போது செய்ய வேண்டியவை. இரண்டு மணி நேரத்தில் எடுத்த ஒரே ஒரு விகிதத்தை நம்ப வேண்டாம். மருந்து மூளைக்குள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்போது, முதல் மணி நேரத்தில் விகிதம் தாழ்ந்தும் எட்டாம் மணி நேரத்தில் உயர்ந்தும் இருக்கும், அதே மருந்து, அதே எலி வகை. அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, இருபத்துநான்கு மணி நேரங்களில், ஒவ்வொன்றுக்கும் மூன்று எலிகளாவது எடுத்து, நேரத்துக்கு எதிராக வரைந்த மூளை வளைவின் பரப்பை பிளாஸ்மா வளைவின் பரப்பால் வகுங்கள். கூடுதல் எலிகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்திய அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். கட்டுறா பங்குச் சோதனைக்கு எலி தேவையில்லை. உறைவிப்பானில் மருந்து படாத இரண்டு மூளைகளும் கொஞ்சம் பிளாஸ்மாவும் இருந்தால் நாளையே தொடங்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் செய்வேன்.